பீங்கான் சில்லு பதித்த மரப்பெட்டி: உதிர்ந்ததைச் சரிசெய்தது

பழைய பெட்டி மூடியில் ஒட்டிய பீங்கான் சில்லுகள் ஒரு மாதத்திலேயே உதிர்ந்தன. உதிர்ந்த சில்லைத் திருப்பிப் பார்த்தால் பசையோடு வார்னிஷும் தோலாக உரிந்து வந்திருந்தது. பசை மரத்தைத் தொடவே இல்லை! எல்லாவற்றையும் பெயர்த்து, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் வெறும் மரம் தெரியும்வரை தேய்த்தேன். ஒரு பங்கு வெள்ளை மரப்பசைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்ததும் 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டி, 24 மணி நேரம் அசைக்கவில்லை.

சில்லுக்காக உடைத்த தட்டின் அடிவளையத் துண்டுகள் வேண்டாம், சமமாக உட்காராது. சில்லுகளின் இடைவெளியை நிரப்பும் சாந்தான கிரவுட்டைப் பற்பசைப் பதத்தில் குழைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் காயும்போது வெடிக்கும். நிரப்பிய இருபது நிமிடத்தில், சில்லின் மேல் படிந்ததை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். சில்லு வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.