கார்புரேட்டர் வாங்கும் முன் கியர்பாக்ஸைப் பாருங்கள்

போன சனிக்கிழமை தம்பி ஒருவன் என் கராஜுக்கு வந்தான். 1972 ஷெவர்லே நோவா கார், 350 இன்ஜின், வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. கையில் அட்டைப்பெட்டி, முகத்தில் முதல் சம்பளம் வாங்கியவனின் சிரிப்பு. "அண்ணா, ஹாலி 750 டபுள் பம்பர். பாதி விலைக்குக் கிடைச்சுது." ஹாலி கம்பெனியின் கார்புரேட்டர், அதாவது இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் சாதனம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மிச்சிகன் வந்த புதிதில், பழைய ஷெவெல் கார் ஒன்றை வாங்கிவிட்டு நானும் இதே பெட்டியோடுதான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்புக்கு நான் கட்டிய விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கார்புரேட்டர் மாற்றும்போது வரும் மற்ற தப்புகள், வாக்குவம் லீக், கிழிந்த கேஸ்கெட், சோக் சரியாக வைக்காதது எல்லாம் ஆளாளுக்குச் சொல்லியாயிற்று. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிய எண் மேல் ஆசை

750 என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்ற கணக்கு, சி.எஃப்.எம். என்பார்கள். உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்க வேண்டாம், நீங்களே போட்டுப் பார்க்கலாம். 350 கன அங்குலம், அதிகபட்சம் 5500 ஆர்.பி.எம். இரண்டையும் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் 557. (ஒரு கன அடி 1728 கன அங்குலம், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக்க மூச்சிழுக்கும். அதனால் அதன் இரட்டிப்பு.) தெருவில் ஓடும் இன்ஜின் எதுவும் நூற்றுக்கு நூறு நிரம்பாது. 85 சதவீதம் என்று வைத்தால் 473. ஆக, 600 தாராளம்.

மீறிப் பெரிதாக வைத்தால் வென்ச்சுரி (கார்புரேட்டரின் குறுகிய தொண்டை) வழியே காற்றின் வேகம் குறையும். வேகம் இல்லையென்றால் பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பும் இல்லை. மிதித்ததும் வண்டி ஒரு நொடி செத்துப் பிழைப்பது அதனால்தான். நான்கு வாய் கார்புரேட்டரில் பின் இரண்டு வாய்கள்தான் செகண்டரி. அது காற்றின் இழுப்பால் திறக்கும் வாக்குவம் செகண்டரி என்றால் இன்ஜின் கேட்கும்போது மட்டும் திறக்கும், கொஞ்சம் மன்னிக்கும். டபுள் பம்பரில் செகண்டரி உங்கள் காலுக்குக் கட்டுப்பட்டது. கனமான வண்டி, ஆட்டோமேட்டிக் கியர், சாதா கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியரையும் இணைக்கும் பாகம்) என்றால் அது மன்னிக்காது.

கேபிள்தானே!

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

தம்பியின் நோவாவில் பழைய ஓனர் 700ஆர்4 கியர்பாக்ஸ் மாட்டியிருக்கிறார். 1982-ல் வந்த பெட்டி. நாலாவது கியர் ஓவர்டிரைவ் என்பதால் ஹைவேயில் இன்ஜின் கத்தாது. அதற்காகவே பழைய வண்டிகளில் நிறையப் பேர் இதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இதில் கார்புரேட்டரின் த்ராட்டில் லீவரிலிருந்து (பெடலை மிதித்தால் நகரும் கை) கியர்பாக்ஸுக்குப் போகும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிள் என்று ஒன்று உண்டு. "பழைய வண்டி கிக்டவுன் கேபிள் மாதிரிதானே அண்ணா, ஜிப் டை போட்டுக் கட்டிக்கலாம்" என்றான்.

மாதிரியே கிடையாது. பழைய டர்போ 350 கியர்பாக்ஸில் உள்ளே எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வாக்குவம் மாடுலேட்டர் தனியாக இருக்கிறது. கிக்டவுன் கேபிள் அறுந்தாலும் மிதிக்கும்போது கியர் இறங்காது, அவ்வளவுதான், பெட்டி பிழைத்துக்கொள்ளும். 700ஆர்4-ல் அந்த மாடுலேட்டர் இல்லை. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள், கிளட்ச் தகடுகளை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று உள்ளே போய்ச் சொல்வது இந்தக் கேபிள் மட்டும்தான். லீவரில் கேபிள் மாட்டும் துளை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. வண்டியோடு வந்த பழைய குவாட்ராஜெட் கார்புரேட்டரின் லீவருக்கு ஏற்ற கணக்கு அது. ஹாலியின் துளை வேறு இடத்தில் இருக்கும். எடல்பிராக் என்ற இன்னொரு கம்பெனி கார்புரேட்டரிலும் அதே கதைதான். கேபிள் குறைவாக இழுபட்டால் அழுத்தம் குறையும், தகடுகள் வழுக்கும், எரியும்.

என் ஷெவெலிலும் இதே கியர்பாக்ஸ்தான். நான் கேபிளைக் கைக்கு எட்டிய துளையில் மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. ஆஹா, டபுள் பம்பர் என்றால் டபுள் பம்பர்தான் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அந்த வெண்ணெய்தான் வியாதி என்று அப்போது தெரியாது. தகடுகள் 'டக்' என்று பிடிக்காமல் தேய்ந்து தேய்ந்து பிடித்துக்கொண்டிருந்தன.

ஆகஸ்ட் மாதம். உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் உலா போகும் டிரீம் குரூஸுக்கு இரண்டு நாள் இருந்தது. மாலையில் ஃபெர்ண்டேல் தாண்டி மிதித்தேன். டாக்கோமீட்டர் முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. மூன்றாவது கியர் போய்விட்டது. மறுநாள் மெக்கானிக் அடிப் பாத்திரத்தைக் கழற்றினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்தில் வழிந்தது, தீய்ந்த வாடை. பாத்திரத்தின் அடியில் கருப்புச் சேறு. விரலில் தொட்டு என் முன்னால் நீட்டி, "உன் கிளட்ச்" என்றார். பெட்டியைப் பிரித்துக் கட்ட 1,900 டாலர். டிரீம் குரூஸை நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

என்னிடம் அந்தக் கார்புரேட்டரை விற்றவர் கியர்பாக்ஸ் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், லீவரில் மாட்டிக் கோணத்தைத் திருத்தும் சின்னத் தகடு ஒன்றோடு போயிருக்கும். பின்னால் நான் அதை வாங்கியபோது நாற்பது டாலர் கூட ஆகவில்லை.

சோதிப்பது சுலபம். இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளே ஒருவர் பெடலைத் தரை வரை மிதிக்கட்டும், நீங்கள் பானெட்டுக்குள் பாருங்கள். த்ராட்டில் முழுக்கத் திறக்கும் அதே கணத்தில் கேபிளும் முழுக்க இழுபட்டிருக்க வேண்டும். காலை எடுத்தால் கேபிள் தொய்யக் கூடாது. அதற்கு மேல் கியர்பாக்ஸில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துவிடுங்கள். அதுவரை தெருமுனை டீக்குக் கூட வண்டியை எடுக்காதீர்கள்.

பவர் வால்வு

வாக்குவம் குறையும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு இது. ஹாலியில் பெரும்பாலும் 6.5 போட்டு வரும், அதாவது வாக்குவம் 6.5 அங்குலத்துக்குக் கீழே போனால் திறக்கும். வால்வின் மேல் 65 என்று பொறித்திருக்கும். பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட இன்ஜின் ஐடிலில் ஆறு அங்குல வாக்குவம்தான் தருகிறதென்றால், அந்த வால்வு நிற்கும்போதே திறந்து பெட்ரோலை ஊற்றும். பிளக் கரிபிடிக்கும். வால்வின் எண் ஐடில் வாக்குவத்தில் பாதி இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு. ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை அழுத்திக்கொண்டு 'டிரைவ்'-இல் போட்டு அளந்து பாருங்கள். நியூட்ரலில் அளந்து ஏமாந்தவர்கள் அதிகம்.

500 டூ-பேரல்

நான்கு பேரல் (நான்கு வாய்) கார்புரேட்டரின் சி.எஃப்.எம்.-ஐ 1.5 அங்குலப் பாதரச அழுத்த வித்தியாசத்தில் அளப்பார்கள், இரண்டு பேரலுக்கு 3. அதனால் டூ-பேரலின் 500, நான்கு பேரல் கணக்கில் 354தான்.

பெட்ரோல் அழுத்தம்

எடல்பிராக்குக்கு ஆறு பி.எஸ்.ஐ. தாண்ட விடாதீர்கள்.

பானெட் உயரம்

பானெட் இடிக்குமா என்று தெரிய, ஏர் கிளீனர் மேல் சப்பாத்தி மாவு உருண்டை வைத்து மெல்ல மூடிப் பாருங்கள்.

பழைய குவாட்ராஜெட்

விற்காதீர்கள். சின்ன முன்வாய், பெரிய பின்வாய், தெருவுக்கு இதைவிடச் சமத்தான கார்புரேட்டர் குறைவு. என்னுடையதை நாற்பது டாலருக்குத் தள்ளிவிட்டு இன்றுவரை புலம்புகிறேன். தம்பியும் தன் குவாட்ராஜெட்டை விற்க விலை பேசி வைத்திருந்தான். அந்த நாற்பதை நானே கொடுத்து வாங்கி, என் அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். டபுள் பம்பர் சலித்ததும் வருவான்.