கேலக்ஸிகள் மோதினால் கருந்துளை விழித்துக்கொள்ளுமா? நாம் வழுக்கி விழும் இடங்கள்

ஜூன் மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கு இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தலையை நிமிர்த்தினால், ஏறக்குறைய உச்சியிலேயே செண்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி இருக்கும். ஊர் வெளிச்சத்தில் தெரியாது. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு ராத்திரிகளில் எல்லாரும் மெழுகுவத்தி தேட, நான் பைனாகுலரைத் தேடிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியிருக்கிறேன்.

ஒருமுறை சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ட்ராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துக்குக் கூட்டிப்போய் 8 அங்குலத் தொலைநோக்கியில் அதைக் காட்டினேன். மங்கலான வெள்ளை உருண்டை, குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. "அங்கிள், நடுவுல யாரோ கரி பூசிட்டாங்க" என்றான் ஒரு பையன். கரி இல்லை, தூசி. இன்னொரு கேலக்ஸியை இது தன்னோடு சேர்த்துக்கொண்டதன் மிச்சம். நடுவில் சூரியனைப்போல் 5.5 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை. அது பீய்ச்சியடித்த பொருளின் ரேடியோ மேகம் வானத்தில் 16 பௌர்ணமி நிலவுகளை வரிசையாக வைத்த அளவுக்கு நீள்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இரண்டும் மோதின, அதனால் கருந்துளை முழிச்சுக்கிட்டது" என்று முடித்தேன். முழிப்பது என்றால், சுற்றியுள்ள வாயு அதில் விழ, அந்த இடம் பளிச்சென்று எரிவது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 'அதனால்' உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் வழுக்கல் 'மோதல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நட்சத்திரங்கள் நட்சத்திரங்களை இடிப்பதாக மனசு படம் போட்டுவிடுகிறது. சூரியனை ஒரு மிளகாக்கி டர்பன் கடற்கரையில் வைத்தால், அடுத்த நட்சத்திரம் வெகுதூரம் தள்ளி, ரிச்சர்ட்ஸ் பே என்ற ஊர்ப் பக்கம் கிடக்கும் இன்னொரு மிளகு. இவ்வளவு இடைவெளியில் எது எதை இடிப்பது? நட்சத்திரங்கள் ஒன்றையொன்று கடந்து போய்விடும். இடித்துக்கொள்வது வாயு மேகங்கள்தான்.

அந்த வாயு நேராகக் கருந்துளைக்குள் போய் விழும் என்பது அடுத்த தவறு. எல்லாவற்றிலும் பிடிவாதமானதும் இதுதான். கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை. கிணற்றைச் சுற்றி ஓடுகிறவன் ஓடிக்கொண்டிருக்கும்வரை கிணற்றில் விழமாட்டான். கேலக்ஸியின் வாயுவும் அப்படித்தான் மையத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சி வேகத்தை, அதாவது கோண உந்தத்தை, யாராவது பிடுங்கினால்தான் அது உள்ளே இறங்கும். பக்கத்துக் கேலக்ஸியின் ஈர்ப்பு செய்யும் உதவி அதுதான்: கேலக்ஸியின் தட்டு போன்ற வட்டை இழுத்துக் கோணலாக்கி, அலைகளையும் நடுவில் பட்டை போன்ற அமைப்பையும் உண்டாக்கி, வாயுவை வழிதவற வைக்கிறது. அப்படி வந்த வாயுவும் பெரும்பாலும் மையத்திலிருந்து சில நூறு ஒளியாண்டு தூரத்தில் நின்று, அங்கே புது நட்சத்திரங்களாகிவிடும். கடைசிப் படிக்கட்டு வரை இறங்கி வருவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே போதும். பிரகாசமான ஒரு குவேசாருக்கு, அதாவது வாயுவைத் தின்று கொழுந்துவிட்டு எரியும் கருந்துளைக்கு, வருஷத்துக்கு ஓரிரு சூரியன்களின் நிறை இருந்தால் சரி, ஏனென்றால் விழும் பொருளின் நிறையில் சுமார் 10 சதவீதம் ஆற்றலாக மாறிவிடுகிறது. அணுக்கரு இணைவில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது 0.7 சதவீதம்தான். வாயுவே இல்லாத இரண்டு கிழட்டுக் கேலக்ஸிகள் இணைந்தால்? பெரிதாக ஒன்றும் எரியாது.

அப்புறம், பார்த்த கண்ணை நம்புவது. என்ஜிசி 3314 என்று பட்டியலில் எண்ணிட்ட கேலக்ஸி ஜோடியின் படத்தைக் காட்டினால் எல்லாரும் மோதல் என்றே சொல்வார்கள். அவை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிற்கும், சம்பந்தமே இல்லாத இரண்டு கேலக்ஸிகள். இதற்கு நேர்மாறாக, உண்மையான மோதலில் தூசி கருந்துளையை மூடிவிடுவதால், சாதாரண ஒளியில் ஒன்றும் தெரியாமல் போகும். மோதலில் இருக்கும் என்ஜிசி 6240 கேலக்ஸியில் இரண்டு கருந்துளைகள் ஒரே நேரத்தில் தின்றுகொண்டிருப்பது 2002-இல் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியால்தான் வெளிப்பட்டது.

நம் நாட்டின் கரூ வறண்ட நிலத்தில் 64 ஆன்டெனாக்களோடு நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கிக்கும் இதில் பங்கு உண்டு. இணையும் கேலக்ஸிகளில் வாயு நெருக்கப்படும்போது ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் லேசர் போல ரேடியோ அலையை வீசும். சுமார் 500 கோடி ஒளியாண்டு தூரத்தில் அப்படி ஒன்றை மீர்காட் கண்டுபிடித்ததாக 2022-இல் அறிவித்தார்கள். அதற்கு ஜூலு மொழியில் 'ன்கலகாதா', பெரிய தலைவர் என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பிடித்த பெயர். ஆனால் அந்த ரேடியோ வீச்சு மோதல் நடப்பதற்கான அடையாளம். கருந்துளை விழித்துவிட்டது என்பதற்கான சான்று அல்ல.

இனி அந்த 'அதனால்'. விழித்திருக்கும் கருந்துளைகளில் பல, சிதையாத, அமைதியான சுருள் கேலக்ஸிகளில் இருக்கின்றன. பழைய மோதலின் தடமே இல்லாத கேலக்ஸிகளிலும் கருந்துளை வளர்ந்திருக்கிறது. உள்ளூர்ப் பட்டைகளும் சிறு குழப்பங்களும் தீனி போடப் போதும். மிகப் பிரகாசமானவையும் தூசியில் மறைந்தவையும்தான் மோதலோடு அதிகம் ஒட்டி வருகின்றன. சரி, தொடர்பே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. மோதல் நடந்து முடிய நூறு கோடி ஆண்டு வரை ஆகலாம். கருந்துளையோ ஒரு லட்சம் ஆண்டு எரியும், அணையும், திரும்ப எரியும். நாம் எடுப்பது ஒரே ஒரு போட்டோ. கல்யாண வீட்டில் எடுத்த ஒரு படத்தில் யார் வாயிலும் சோறு இல்லை என்பதால் பந்தியே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

அன்றைக்கே அந்தப் பையன் தென்மேற்கில் தாழத் தெரிந்த மகெல்லன் மேகம் என்ற பக்கத்துச் சிறு கேலக்ஸியைக் காட்டி, "அதுவும் நம்மமேல மோதுமா?" என்று கேட்டான். 2019-இல் வந்த ஒரு கணிப்பு, பெரிய மகெல்லன் மேகம் சுமார் 240 கோடி ஆண்டில் நம் பால்வெளியோடு இணையும் என்கிறது. அதில் வாயு நிறைய உண்டு. இப்போது கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கும் நம் கருந்துளை, 40 லட்சம் சூரிய நிறை, அப்போது பல மடங்கு வளரலாம் என்றும் அதே கணிப்பு சொல்கிறது. "வளரலாம்" என்றுதான் அவனிடம் சொன்னேன். அவன் அதற்குள் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, வேனில் டீ இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.