வீட்டைக் கழுவும்போதே கெடுக்கும் தவறுகள்

வீட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். தூசி, கறை, ஒட்டடை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒட்டடை அடிக்காத வீடு பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். ஓதம் ஏறிய சுவரோ காரையை உப்ப வைக்கும், உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், பூஞ்சையைப் படர விடும், ஆண்டுக்கு ஆண்டு செலவை இழுத்துக்கொண்டே போகும். அப்படியிருந்தும், பருவம் மாறுகிறதே, வீட்டை ஒருமுறை நன்றாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று இறங்கியதும் நாம் முதலில் தூக்குவது பக்கெட்டைத்தான். கீழே சொல்லும் தவறுகளில் பாதி அந்தப் பக்கெட்டிலிருந்து தொடங்குகிறது.

உட்புறத்தில் ஆரம்பிப்பது

மழைக்கு முந்திய சுத்தத்தில் உட்புறத்துக்குக் கடைசி இடம்தான். கூடத்துச் சுவரில் கறை தெரிகிறது என்று அதைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, அதற்கு நேர் மேலே மாடியில் அடைத்துக் கிடக்கும் வடிகுழாய் வாயை அப்படியே விட்டுவிடுவார்கள். முதல் பெருமழையிலேயே கறை திரும்பி வரும். மாடி, வடிகுழாய், வெளிச்சுவர், ஜன்னல், அப்புறம் உள் அறைகள் என்பதுதான் வரிசை.

மாடியில் சருகை அள்ளிவிட்டு இறங்கிவிடக் கூடாது. வடிகுழாய் வாய்க்கு எதிர் மூலையில் இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். குழாய் முடியும் இடத்தில் கீழே ஒருவர் நிற்கட்டும். தண்ணீர் சீராகக் கொட்டினால் சரி. விக்கி விக்கி வந்தால் நடுவில் எங்கோ அடைப்பு இருக்கிறது. மாடியிலேயே தேங்கி நிற்கும் இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். 48 மணி நேரம் ஆகியும் காயாத குட்டை இருந்தால் அங்கே தளத்தின் வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) தவறியிருக்கிறது. கூரை ஒழுகுவது பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

மாடி விரிசலில் சிமென்ட் பால் ஊற்றி மூடுவது பழைய வழக்கம். பலன் ஒரு வெயில் காலத்துக்குக்கூடத் தாங்காது. தளம் பகல் வெயிலில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. இறுகிய சிமென்டுக்கு நீளத் தெரியாது. அதே கோட்டில் மறுபடி பிளந்துவிடும். விரிசலை வி வடிவத்தில் 5 முதல் 10 மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிட்டு, தூசியைத் தூரிகையால் முழுக்க எடுத்து, நெகிழும் தன்மையுள்ள விரிசல் நிரப்பியை அழுத்தி அடைக்க வேண்டும். அதன் மேல் அடிக்கும் நீர்க்காப்புப் பூச்சைத் தடிமனாக ஒரே கையில், அதாவது ஒரே பூச்சில், அடிப்பதும் தவறு. மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும், பிறகு கொப்பளிக்கும். மெல்லிதாக இரண்டு கை, இரண்டாவது முதலாவதற்குக் குறுக்கே. முதல் கையில் விட்டுப்போன ஊசி ஓட்டைகளைக் குறுக்குக் கை மூடிவிடும்.

ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை. சாய்க்கும் இடம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏணியின் கால் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். செங்குத்தாக வைத்தால் பின்னால் சாயும். அதிகம் தள்ளி வைத்தால் கால் வழுக்கும். வடிகுழாயைப் பிடித்துக்கொண்டு ஏறுவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஜன்னலின் ஓட்டையை அடைத்துவிடுவது

நகரும் ஜன்னலின் அடிச்சட்டத்தை வெளியிலிருந்து குனிந்து பாருங்கள். அலுமினியமோ பிளாஸ்டிக்கோ, அடிப்பக்கத்தில் சீப்பின் பல் அகலத்தில் இரண்டு மூன்று சிறிய பிளவுகள் இருக்கும். சிலவற்றில் அதற்குச் சின்ன மூடியும் உண்டு. காற்றோடு அடிக்கும் மழை கண்ணாடியைத் தாண்டி, அது நகரும் தடத்துக்குள் இறங்கத்தான் செய்யும். அப்படி வடிவமைத்ததுதான் அது. இறங்கிய தண்ணீர் வெளியே போகும் வழிதான் அந்தப் பிளவு. தூசியும் செத்த பூச்சியும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் தடம் தொட்டிபோல நிரம்பி, தண்ணீர் உள்பக்கமாக வழிந்து ஜன்னலுக்குக் கீழே சுவரில் இறங்கும்.

இங்கேதான் வேடிக்கை. சுவர் நனைவதைப் பார்த்ததும் ஜன்னலில் ஓட்டை இருக்கிறது என்று முடிவுகட்டி, சிலிக்கான் டியூபை எடுத்து அந்தப் பிளவுகளையே அடைத்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் இரண்டு மடங்கு தண்ணீர் உள்ளே வருகிறது. செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. தடத்தில் இருக்கும் மண்ணைக் காய்ந்த பழைய பல்துலக்கியால் கிளறி, முடிந்தால் வேக்குவமால் இழுத்து, பிறகு பிளவுக்குள் மெல்லிய குச்சியை விட்டுக் குத்தி எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தடத்தில் ஊற்றினால் சில நொடிகளில் வெளிப்பக்கம் வடிய வேண்டும். மண் கிடக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் அது சேறாகிப் பிளவில் போய் இறுகிவிடும் என்பதால் காய்ந்த வேலை முதலில்.

சிலிக்கான் போட வேண்டிய இடம் சட்டமும் சுவரும் சேரும் வெளிவிளிம்பு. பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. கத்தியால் முழுக்கச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டுத்தான் போட வேண்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. போடும்போது வினிகர் வாடை வரும் வகை உலோகத்தையும் பளிங்கையும் அரிக்கும். அந்த இடங்களுக்கு நியூட்ரல் வகை வேண்டும். அதன் மேல் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சிலிக்கானே வேண்டாம், அதில் பெயின்ட் பிடிக்காது. அக்ரிலிக் சீலன்ட் வாங்குங்கள்.

உப்புப் பூத்த சுவரைக் கழுவுவது

சுவரின் அடிப்பகுதியில் பஞ்சுபோல வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை இல்லை, உப்பு. செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும் ஈரம் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதை ஈரத்துணியால் துடைத்தால் மறைந்த மாதிரி இருக்கும். உண்மையில் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போயிருக்கிறது. காய்ந்ததும் மறுபடி பூக்கும். காய்ந்த நிலையில், விறைப்பான நார்த் தூரிகையால் தட்டி எடுத்து, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். கம்பி ப்ரஷ் வேண்டாம், அதன் இரும்புத் துகள் சுவரில் தங்கித் துருக்கறை விடும்.

அடுத்த தவறு இதைவிடச் செலவு பிடித்தது: ஓதச் சுவரின் மேல் நீர்புகாப் பெயின்ட். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே பிளாஸ்டிக் தோல் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கிளப்பும். சில மாதங்களில், சுவரைச் சமப்படுத்தப் பூசிய பட்டியோடு சேர்ந்து உரியும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அதற்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அலுமினியத் தாளை ஏறக்குறைய 40 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்: சமையல், குளியல், உள்ளே காயும் துணி. அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து. தாளைப் பிரித்தால் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாக வருகிறது: குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், அல்லது சுவரை ஒட்டிக் குவிந்த மண். இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

சுவரை ஒட்டிச் செடித்தொட்டி, மண்மேடு, விறகு, பழைய பலகை எதையும் அடுக்காதீர்கள். ஒரு முழம் இடைவெளி விட்டால் சுவர் காயும், கரையான் வந்தாலும் கண்ணில் படும். காரணத்தைச் சரிசெய்த பிறகும் உடனே பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். நனைந்த சுவர் ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் பழகிய கணக்கு. பொறுமையில்லாமல் அடிப்பதால்தான் ஒரே சுவருக்கு இரண்டு ஆண்டில் மூன்று தடவை பெயின்ட் அடிக்கும் நிலை வருகிறது.

கறுப்பாகவோ பச்சையாகவோ படர்வதுதான் பூஞ்சை. அதைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மின்விசிறி வைத்துச் சுவரைக் காயவிடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மேல் படர்ந்திருந்தால் துடைப்பதில் பயனில்லை, ஈரத்தின் மூலத்தைத் தேட வேண்டிய கட்டம் அது.

இரண்டு பாட்டிலைக் கலந்தால் இரட்டிப்புப் பலன் என்று நினைப்பது

சுத்தம் செய்யும் நாளில் உயிருக்கே ஆபத்தான தவறு இதுதான். கழிவறைக் க்ளீனர்கள் பலவற்றில் அமிலம் இருக்கிறது. அதை ஊற்றிவிட்டு, இன்னும் பளிச்சென்று வரட்டும் என்று மேலேயே ப்ளீச்சை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கழிவறை, மூடிய கதவு; சில மூச்சிலேயே நெஞ்சு அடைக்கும். வினிகர், உப்புக்கறை நீக்கி ஆகியவையும் அமிலம்தான். அம்மோனியா கலந்த கண்ணாடிக் க்ளீனரோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு. ஒரு நாளைக்கு ஒரே பாட்டில் என்று வைத்துக்கொள்வது நல்லது. கலந்துவிட்டது தெரிந்தால் கழுவிவிட முயலாமல் வெளியே வந்து காற்றோட்டத்தில் நில்லுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

வினிகரையும் சோடா உப்பையும் கலப்பதில் ஆபத்தில்லை, பலனும் இல்லை. நுரை பொங்குவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று தோன்றும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர். தேய்க்க சோடா உப்பு, உப்புக்கறை கரைக்க வினிகர். தனித்தனியே இரண்டும் நன்றாகவே வேலை செய்யும்.

ப்ளீச்சைப் பயன்படுத்துவதிலும் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும். அழுக்கின் மேலேயே ஊற்றுவது ஒன்று: குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. சோப்பால் கழுவியபின் போடுங்கள். வெந்நீரில் கலப்பது இன்னொன்று: ப்ளீச் சூட்டில் சிதைந்துவிடும். போட்ட கையோடு துடைப்பது மூன்றாவது. 5 சதவீத ப்ளீச் 20 மி.லி. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்து, பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். கலந்ததை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள், அதற்குள் வலுவிழந்துவிடும்.

பளிங்குத் தரை, மொசைக், டைல்ஸ் இடுக்குச் சிமென்ட் மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அமிலம் பட்டால் அது கரையும். கறை போனதாகத் தெரிவது கறையோடு மேல்தோலும் போனதால்தான். சொரசொரப்பான இடத்தில் அடுத்த கறை இன்னும் வேகமாக ஏறும். சந்தேகம் இருந்தால் மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தாலோ, துடைத்த பிறகு மங்கித் தெரிந்தாலோ அந்தத் தரைக்கு மென்மையான சோப்பு மட்டும்தான். சமையலறைச் சிம்னியின் வலை அலுமினியமாக இருந்தால் சலவைச் சோடாவில் ஊறவைக்காதீர்கள், கறுத்துப்போகும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சூடான தண்ணீரும் அரை மணி நேரம் போதும்.

நாற்றத்துக்கு வாசனை ஊற்றுவது

அதிகம் புழங்காத குளியலறையில் சாக்கடை வாடை வந்தால் பினாயிலை ஊற்றுகிறோம். தரை வடிகாலுக்குக் கீழே ஒரு வளைவு உண்டு. அதில் ஏறக்குறைய 5 செ.மீ. உயரத்துக்கு எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுக்கும் கதவு. சில வாரம் புழங்காவிட்டால் அது ஆவியாகிவிடும். அங்கே ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நிற்கும். சோதனைக்காக இல்லாமல் தீர்வாகவே தண்ணீர் ஊற்றச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

கைகழுவும் தொட்டி அடைத்தால் காஸ்டிக் தூளைக் கொட்டுவதற்கு முன், கீழே பக்கெட் வைத்து வளைகுழாயைக் கையால் திருகிக் கழற்றிப் பாருங்கள். தலைமுடியும் சோப்புப் பசையும் உருண்டையாக அங்கேதான் இருக்கும். தூளைப் போட்டுவிட்டு அதன் பின் கழற்றுவதும் பம்ப் அடிப்பதும் கண்ணில் காரம் தெறிக்க வழி.

ஸ்விட்ச் பலகை, டிவி, விசிறி மோட்டார் எதன் மேலும் நேராக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. துணியில் அடித்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துடைக்க வேண்டும். ஏசி வடிகட்டியைக் கழுவினால் நிழலில் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். அதன் வடிகுழாயையும் ஊதிப் பாருங்கள். உட்புறம் சொட்டும் ஏசிகளில் பலவற்றுக்கு அந்த அடைப்புதான் காரணம்.

மழைக்காலத்தில் கதவை இழைப்பது

மரக்கதவு ஈரக் காலத்தில் ஊதிச் சட்டத்தில் உரசும். உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிட்டால் அப்போதைக்குச் சரி. காற்று வறண்டதும் மரம் சுருங்கி, விரல் நுழையும் இடைவெளி தெரியும். இழைத்த மரத்தை ஒட்டவைக்க முடியாது. முதலில் கீல் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். மேல் கீல் தளர்ந்து கதவு சாய்ந்ததே உரசலுக்குக் காரணமாக இருக்கலாம். திருகு சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டையில் பசை தொட்ட மரக்குச்சியை அடைத்து, காய்ந்ததும் திருகுங்கள்.

அதன் பிறகும் உரசினால் உரசும் இடத்தில் மெழுகைத் தேய்த்துக் காலத்தை ஓட்டிவிட்டு, வறண்ட பருவத்தில் கதவைக் கழற்றி அதன் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பாருங்கள். முகத்தில் மூன்று கை வார்னிஷ் இருக்கும், அந்த விளிம்புகள் இரண்டும் பூச்சே படாத வெறும் மரமாகவே இருக்கும். தரை துடைக்கும் தண்ணீரைத் தினமும் குடிப்பது அந்த அடி விளிம்புதான். உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை அடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் காயவிட்டு மாட்டுங்கள்.