கொழுப்பை எப்போது குறைப்பது? தசையும் பலமும் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பளுப் பயிற்சியைச் சில மாதங்கள் விடாமல் செய்தவர் எவரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியின் முன் வந்து நிற்கிறார்: இப்போது கொழுப்பைக் குறைப்பதா, அல்லது நன்றாகச் சாப்பிட்டுத் தசையை இன்னும் வளர்ப்பதா? பெரும்பாலோர் இதற்கு விடையைக் கண்ணாடியில் தேடுகிறார்கள். வயிறு சற்று உப்பித் தெரிந்தால் கட்டிங் (உணவைக் குறைத்துக் கொழுப்பைக் கரைப்பது), கைகள் மெலிந்து தெரிந்தால் பல்க்கிங் (கூடுதலாக உண்டு தசையை வளர்ப்பது) என்று சில வாரங்களுக்கு ஒருமுறை திசை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய அதே எடையிலும் அதே பலத்திலும் நிற்கிறார்கள். அவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. எந்தத் திசையிலும் உடலுக்குப் போதிய காலம் கொடுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்க வருத்தமாகவே இருக்கிறது.

கண்ணாடியை ஒதுக்கிவிட்டு நான்கு விஷயங்களைப் பார்த்தால் முடிவு பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும். முறையாகப் பயிற்சி செய்து எவ்வளவு காலம் ஆகிறது, இடைச் சுற்றளவு எவ்வளவு, பயிற்சிக் குறிப்பேடு என்ன சொல்கிறது, அடுத்த மூன்று மாத வாழ்க்கை எப்படி இருக்கப்போகிறது என்பவையே அவை.

இரண்டும் ஒன்றாக நடக்குமா?

கொழுப்பு குறைய வேண்டுமானால் செலவாகும் ஆற்றலைவிடக் குறைவாக உண்ண வேண்டும். தசை வளர்வதற்கோ ஆற்றல் தாராளமாகக் கிடைப்பது நல்லது. ஆனாலும் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பே ஓர் ஆற்றல் சேமிப்பு என்பதால், சேமிப்பு அதிகமுள்ளவருக்கும், பயிற்சிக்குப் புதியவருக்கும், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பி வருபவருக்கும் கொழுப்பு குறையும்போதே தசை கூடுவது சாத்தியம்தான். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில், எடை மிகுந்த இளைஞர்கள் நான்கு வாரங்கள் தேவையைவிட 40 சதவீதம் குறைவாக உண்டு, வாரத்தில் ஆறு நாள் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.4 கிராம் வீதம் புரதம் எடுத்துக்கொண்டவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பற்ற எடையை (கொழுப்பு நீங்கலாகத் தசை, நீர் முதலியவற்றின் எடையை) கூட்டினார்கள். அதில் பாதியளவு புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள். அவர்களுடைய கொழுப்பற்ற எடை ஏறக்குறைய மாறவே இல்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் உணவை 40 சதவீதம் வெட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அவர்கள் உணவு அளந்து கொடுக்கப்பட்டு, கண்காணிப்பில் இருந்தவர்கள். அதுவும் நான்கே வாரங்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த, 2022-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பற்றாக்குறை (உடல் செலவிடுவதைவிட உணவில் குறையும் ஆற்றல்) நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரியை எட்டும்போது தசை வளர்ச்சி தடைபடுகிறது என்றும், பலம் கூடுவது மட்டும் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை என்றும் கண்டது. பலம் என்பது தசையின் அளவை மட்டும் பொறுத்ததன்று. நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதும், அசைவில் தேர்ச்சி கூடுவதும் அதில் அடக்கம். ஆகவே கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் எடை தூக்கும் திறன் சற்றே கூடினால் அதைத் தசை வளர்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். அதே சமயம், குறைப்புக் காலம் என்றாலே பலம் சரிந்துதான் ஆக வேண்டும் என்று அஞ்சவும் வேண்டாம்.

பயிற்சியின் வயதும் இடையின் அளவும்

ஜிம்மில் சேர்ந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது பயிற்சியின் வயது ஆகாது. வாரம் மூன்று முறையாவது, தூக்கும் எடையைப் படிப்படியாகக் கூட்டி, விடாமல் செய்த காலம் மட்டுமே கணக்கில் வரும். அது ஓராண்டுக்குக் குறைவானால், நீங்கள் புதியவர்தான். இந்தக் காலத்தில் உடல் எவ்வளவு எளிதாகத் தசையைக் கூட்டுமோ, அவ்வளவு எளிதாகப் பின்னர் ஒருபோதும் கூட்டாது. அதனால்தான் இந்த முதல் ஆண்டைக் கடும் பட்டினியில் கழிப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

அடுத்து இடை. காலையில் கழிப்பறை சென்று வந்தபின், எதுவும் உண்ணாமல், அளவு நாடாவைத் தொப்புள் மட்டத்தில் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்கும்போது அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றை உள்ளிழுத்து அளந்தால் இந்த எண்ணால் பயனில்லை. வாரம் இரு முறை, ஒரே மாதிரி அளந்தால் போதும். இந்த அளவை உயரத்தால் வகுக்க வேண்டும். 175 செ.மீ. உயரமும் 96 செ.மீ. இடையும் உள்ளவருக்கு விடை 0.55 வரும். பிரிட்டனின் சுகாதார வழிகாட்டு அமைப்பான நைஸ், இடை உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று 2022-இல் பரிந்துரைத்தது, 0.5 முதல் 0.59 வரை உடல்நல அபாயம் கூடிய நிலை என்றும், 0.6-ஐத் தொட்டால் அபாயம் மிகுந்த நிலை என்றும் அது வகைப்படுத்துகிறது. இது உடல்நலத்துக்கான அளவுகோல் என்றாலும், நமது முடிவுக்கும் நல்ல தொடக்கம்.

கால்வைத்து நிற்கும் மின் தராசுகள் காட்டும் கொழுப்புச் சதவீதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவை உடலின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, நீரின் அளவைக் கொண்டு கொழுப்பை ஊகிப்பவை. தண்ணீர் குடித்ததற்கும் வியர்த்ததற்கும் அவற்றின் எண் மாறும்.

இடையை உயரத்தால் வகுத்த விகிதம் 0.55-ஐத் தாண்டியிருந்தால், புதியவரானாலும் பழகியவரானாலும் முதல் வேலை கொழுப்பைக் குறைப்பதுதான். (0.55 என்பது நடைமுறை வசதிக்காக நான் வைத்துக்கொள்ளும் எல்லைக்கோடு.) புதியவருக்கு இதில் இழப்பு ஏதும் இல்லை, மிதமான பற்றாக்குறையில் அவருடைய தசையும் கூடும். 0.5-க்கும் 0.55-க்கும் இடையில் இருக்கும் புதியவர், எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் பராமரிப்பு அளவிலோ, அதைவிட 200 கலோரி குறைவாகவோ உண்டு, பயிற்சியில் கவனம் வைத்தால் போதும். தராசு அசையாதபோதும் இடை சுருங்குவதை அவர் காண்பார். அதே இடைவெளியில் இருக்கும் பழகியவர் குறிப்பேட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

தவறான முடிவு அதிகம் எடுக்கப்படுவது 0.5-க்குக் கீழே உள்ளவர்களிடம்தான். 172 செ.மீ. உயரம், 64 கிலோ எடை, 81 செ.மீ. இடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். விகிதம் 0.47. கைகளும் தோள்களும் மெலிந்திருக்க, அடிவயிற்றில் மட்டும் ஒரு சிறு மடிப்பு இருக்கிறது. அந்த மடிப்பு உறுத்துவதால் உணவைக் குறைக்கிறார். 58 கிலோவுக்கு வரும்போது மடிப்பு கொஞ்சம் சுருங்கியிருக்கும், ஆனால் அடியில் தசை இல்லாததால் வெளியே தெரிவதற்கும் ஒன்றுமில்லை. பலமும் இல்லை, களைப்பு மட்டும் மிச்சம். இவருக்கு வேண்டியது பராமரிப்பு அளவைவிட 200 முதல் 300 கலோரி கூடுதலாக உண்டு, ஒன்பது மாதமோ ஓராண்டோ ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ் முதலிய அடிப்படைப் பளுப் பயிற்சிகளில் தூக்கும் எடையைக் கூட்டிக்கொண்டே இருப்பது. அந்தச் சிறு மடிப்பைப் பொறுத்துக்கொள்வது மனதுக்குக் கடினம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இவ்வகை உடலமைப்பு உள்ள புதியவருக்குக் குறைப்பை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

குறிப்பேட்டைப் படிக்கும் முறை

ஒவ்வொரு பயிற்சியிலும் தூக்கிய எடை, ரெப்ஸ் (ஒரே மூச்சில் தூக்கிய தடவைகள்), செட் (அப்படிச் செய்த சுற்றுகள்) ஆகிய மூன்றையும் எழுதிவைப்பவருக்கே இந்தப் பகுதி பயன்படும். எழுதாதவர் இன்றே தொடங்கி, இரண்டு மாதம் கழித்து இங்கே திரும்பி வரலாம்.

ஒருவருடைய குறிப்பேட்டில் ஸ்குவாட் 90 கிலோவில் ஐந்து ரெப்ஸ் என்று இருந்தது, எட்டு வாரத்தில் 97.5 கிலோவாகியிருக்கிறது, எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது, இடை ஒரு செ.மீ.க்குள் மாறியிருக்கிறது என்றால், எதையும் மாற்ற வேண்டாம். சாப்பிட்டது போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. வயிறு எப்படித் தெரிந்தாலும் இந்த நேரத்தில் குறைப்பைத் தொடங்குவது நன்றாக ஓடுகிற வளர்ச்சியை நாமே நிறுத்துவதாகும்.

அதே எட்டு வாரத்தில் எடை நான்கு கிலோ ஏறி, இடை ஐந்து செ.மீ. விரிந்து, ஸ்குவாட் மட்டும் அதே 90 கிலோவில் நின்றால், கூடுதல் உணவு கொழுப்பாகத் தங்குகிறது. பழகியவர் குறைப்பைத் தொடங்க வேண்டிய சரியான தருணம் இதுவே. எடை கூட்டும் காலத்தில் வாரத்துக்கு உடல் எடையின் கால் முதல் அரை சதவீதம் வரை ஏறுவது போதுமானது. அதைவிட வேகமாக ஏறினால் தசை வேகமாக வளராது, கொழுப்புதான் வேகமாகச் சேரும்.

மூன்றாவது நிலைதான் பலரைக் குழப்புகிறது: பலமும் நிற்கிறது, எடையும் நிற்கிறது, இடையும் நிற்கிறது. தேக்கத்தைக் கண்டதும் கட்டிங் போகலாம் என்று தோன்றும். ஆனால் இது பெரும்பாலும் உணவு போதாமையின், அல்லது ஒரே பயிற்சித் திட்டத்தை நெடுநாள் மாற்றாததன் அறிகுறி. இங்கே உணவைக் கூட்டிப் பார்ப்பதே முதல் மருந்து.

குறைக்கக் கூடாத காலங்கள்

உடல் தயாராக இருந்தாலும் வாழ்க்கை தயாராக இல்லாத மாதங்கள் உண்டு. தூக்கம் அவற்றில் முதன்மையானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே நபர்கள் ஒரே அளவு குறைந்த உணவை உண்டு, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் தூங்க வாய்ப்பளிக்கப்பட்டார்கள். இரு முறையும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனால் தூக்கம் சுருங்கியபோது கொழுப்பாகக் கரைந்த பங்கு 55 சதவீதம் சரிந்து, இழப்பின் பெரும்பகுதி கொழுப்பற்ற திசுவிலிருந்து வந்தது. கைக்குழந்தையோடு இரவுகள் கழிகிற, தேர்வோ பணிச்சுமையோ அழுத்துகிற மாதங்களில் பராமரிப்பு அளவிலேயே இருப்பது தோல்வி ஆகாது. பளுதூக்கும் போட்டிக்கு முந்தைய வாரங்களும் அப்படியே.

மாதவிடாய் ஒழுங்கு தவறிய, அல்லது நின்றுபோன பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் குறைப்பில் இறங்கக் கூடாது. உடலுக்கு ஆற்றல் போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம் என்பதால் மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை. வளரும் பருவத்தினர், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், உணவு தொடர்பான மனநலச் சிக்கலைக் கடந்து வந்தவர்கள் ஆகியோரும் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

தொடங்கியபின்

வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் தசையைக் காப்பாற்றுவது இருக்கிறது. நார்வேயில் தேர்ந்த விளையாட்டு வீரர்களிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், வாரம் 0.7 சதவீதம் வீதம் எடை குறைத்தவர்களுக்குக் கொழுப்பற்ற எடை சுமார் இரண்டு சதவீதம் கூடவே செய்தது. இருமடங்கு வேகத்தில் குறைத்தவர்களுக்கு அந்த வளர்ச்சி கிடைக்கவில்லை. 80 கிலோ எடையுள்ளவருக்கு வாரம் அரைக் கிலோ என்பது நல்ல இலக்கு. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதால், நாளொன்றுக்குச் சுமார் 550 கலோரி பற்றாக்குறை தேவைப்படும். கொழுப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவர் இதைவிடவும் மெதுவாகச் செல்ல வேண்டும்.

புரதம் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை இருக்கட்டும். எடை மிக அதிகமுள்ளவர் இப்போதைய எடைக்குப் பதிலாக அடைய விரும்பும் எடையைக் கொண்டு கணக்கிடலாம். சிறுநீரக நோய் உள்ளவர் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. பயிற்சியில், எடையைக் குறைத்து ரெப்ஸைக் கூட்டினால் கொழுப்பு கரையும் என்ற பழைய நம்பிக்கையைக் கைவிடுங்கள். தசையை வளர்த்த அதே கனமான எடைதான் அதைத் தக்கவைக்கும். களைப்பு மிகுந்தால் செட்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், எடையைக் குறைக்க வேண்டாம்.

தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாவுச்சத்தான கிளைகோஜன் குறையும்போது, அதன் ஒவ்வொரு கிராமோடும் பிணைந்திருக்கும் சுமார் மூன்று கிராம் நீரும் வெளியேறுவதே இதற்குக் காரணம். ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து வரும் எண்களைக் கொண்டே உணவைத் திருத்த வேண்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் நிறுத்திவிடுவது நல்லது. விகிதம் 0.5-க்குக் கீழே வசதியாக வந்துவிட்டால் அதற்கு முன்பே நிறுத்தலாம். எல்லா முக்கியப் பயிற்சிகளிலும் தொடர்ந்து இரண்டு வாரம் பலம் சரிந்தால், இரவில் பசியால் விழிப்பு வந்தால், எப்போதும் எரிச்சலும் குளிரும் உணரப்பட்டால், இலக்கை எட்டாவிட்டாலும் பராமரிப்பு அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பியதும் தராசு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை ஏறும். அது மீண்டும் நிரம்பும் கிளைகோஜனும் நீரும் குடலில் உள்ள உணவும்தான். கொழுப்பு திரும்பிவிட்டதென்று பயந்து மறுபடி உணவை வெட்டக் கூடாது. மூன்று நான்கு வாரம் அந்த அளவிலேயே நின்று, பிறகு 200 கலோரி கூட்டி வளர்ச்சிக்குத் திரும்புங்கள். குறைப்புக்குச் செலவிட்டதைப் போல இரண்டு மூன்று மடங்கு காலத்தையாவது அதற்குக் கொடுங்கள். இடை மீண்டும் உயரத்தின் பாதியைத் தாண்டி, குறிப்பேட்டின் எண்களும் அசையாமல் நிற்கும்வரை அடுத்த குறைப்பைத் திட்டமிடத் தேவையில்லை.