தேனிலவு விமானச் சீட்டில் மணமகளின் பெயர்

கிருஷ்ணகிரியில் ஆவணி முகூர்த்தத்தில் திருமணம் முடித்துச் சிங்கப்பூருக்கோ மாலத்தீவுக்கோ தேனிலவு செல்லவிருக்கும் தம்பதியர், விமானச் சீட்டில் மணமகளின் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்துப் பதிவு செய்துவிடக் கூடாது. மணமகளின் பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் விரிவாக இருந்தால், சீட்டிலும் விசாவிலும் எழுத்துப் பிசகாமல் அதுவே இருக்க வேண்டும். திருமணமானதற்காகப் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, உறவினர்கள் என்ன சொன்னாலும் சரி. சிங்கப்பூர் போன்ற நாடுகள் கேட்கும் 6 மாதச் செல்லுபடிக் காலம் பாஸ்போர்ட்டில் மீதமிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரு விமான நிலையம் நகரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளி அருகே இருப்பதால், ஓசூர் சாலை நெரிசலையும் கணக்கிட்டுப் புறப்பட வேண்டும். வழியனுப்ப வருவோரை முந்தைய நாளே வரச் சொல்லிவிடலாம்.