பீட்ரூட் துண்டில் செல் சவ்வைச் சோதிப்பது எப்படி?

செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலமான செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர். பள்ளி நுண்ணோக்கியில் அதன் அடுக்குகள் தெரியாது. ஆனால் அது பிழைத்திருக்கிறதா, கிழிந்துபோனதா என்பதைச் சமையலறையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பீட்ரூட் போல வசதியான காய் வேறில்லை.

பீட்ரூட்டின் சிவப்பு நிறமியின் பெயர் பெட்டானின். நீரில் நன்றாகக் கரையும். செல்லின் நடுவிலுள்ள வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் அடைபட்டிருக்கும் அது வெளியே வர இரண்டு சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: வாக்குவோலைச் சுற்றிய டோனோபிளாஸ்ட், அதற்கு வெளியே செல் சவ்வு. எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் செல் சுவர் சல்லடை மாதிரி. நிறமியை அது தடுக்காது. செல் சுவரையும் செல் சவ்வையும் ஒன்றாக நினைப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும்.

தேவையானவை

கெட்டியான புதிய பீட்ரூட் 1, கண்ணாடி டம்ளர்கள் 6, நிறமற்ற திரவ சானிடைசர் (ஜெல் வேண்டாம்), சர்க்கரை, கடிகாரம்.

படி 1: வெட்டுதல்

தோல் சீவி, 3 மில்லிமீட்டர் தடிமன், 1 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் நீளத்தில் ஆறு பட்டைகள் வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். பரப்பு கூடினால் கசிவும் கூடும். பிறகு எதையும் ஒப்பிட முடியாது. ஒரு பட்டையை மட்டும் முதல் நாள் இரவே வெட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

படி 2: கழுவுதல்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கத்தி பட்ட செல்கள் ஏற்கெனவே உடைந்து சாயத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் வருவது ஏறக்குறைய நிற்கும்வரை அலசுங்கள். ஐந்து நிமிடமாவது ஆகும். உறைந்த பட்டையாக இருந்தால், உறைய வைப்பதற்கு முன்பே இப்படி அலசிவிட வேண்டும்.

படி 3: சோதனை

முதல் பட்டையைச் சாதாரணத் தண்ணீர் 50 மில்லியில் போடுங்கள். மற்றவற்றை ஒப்பிட இதுதான் அளவுகோல்.

இரண்டாம் பட்டைக்கு 50 டிகிரி, மூன்றாம் பட்டைக்கு 60 டிகிரி வெந்நீர். தெர்மாமீட்டர் இல்லையா? கொதிநீர் ஒரு பங்கு, 30 டிகிரி குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் சுமார் 50 டிகிரி. சம பங்கு கலந்தால் 60 டிகிரிக்குச் சற்று மேல். பாத்திரமும் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் உடனே பயன்படுத்துங்கள். பட்டையை ஒரே நிமிடம் மூழ்கவைத்து, சாதாரணத் தண்ணீர் 50 மில்லிக்கு மாற்றுங்கள். வெந்நீரிலேயே விட்டுவிட்டால் பெட்டானினே சூட்டில் சிதைந்து பழுப்பேறும்; கசிவு குறைவு என்று தவறாக முடிவு செய்வீர்கள்.

நான்காவது, உறைந்த பட்டை: நேராகத் தண்ணீரில். ஐந்தாவது: சானிடைசர் 50 மில்லியில், அடுப்புக்குத் தள்ளி வைத்து. ஆறாவது: 50 மில்லி தண்ணீரில் 4 தேக்கரண்டி சர்க்கரை கரைத்து அதில்.

30 நிமிடம் கழித்து எல்லா டம்ளர்களையும் வெள்ளைத் தாளின் முன் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

என்ன தெரியும், ஏன்?

சாதாரணத் தண்ணீர் லேசான ரோஜா நிறத்தோடு நின்றுவிடும். சவ்வு என்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை (லிப்பிட்) மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலை, நீரை விலக்கும் இரண்டு வால்கள். தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்திருக்க, வால்கள் நடுவில் ஒளிந்து ஓர் எண்ணெய்ப் படலமாகின்றன. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய மூலக்கூறுகள் அதில் நுழைந்து போய்விடும். மின்சுமையுள்ள பெரிய பெட்டானினுக்கு வழியில்லை.

60 டிகிரியில் தண்ணீர் நன்றாகச் சிவக்கும். லிப்பிடுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் கட்டப்படவில்லை; பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். புரதங்கள் அதில் மிதக்கின்றன. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த திரவ மொசைக் மாதிரி சொல்வது இதைத்தான். சூடு ஏற ஏற லிப்பிடுகள் இளகுகின்றன, புரதங்கள் சுருளவிழ்கின்றன, ஓட்டை விழுகிறது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். சானிடைசரின் ஆல்கஹால் லிப்பிட் அடுக்கைக் குலைக்கிறது. ஃப்ரீசரில் பனிப்படிகங்கள் சவ்வைக் குத்திக் கிழிக்கின்றன.

பாத்திரம் கழுவும் சோப்பிலும் சிலர் இதைச் செய்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்: காரத்தன்மை அதிகமானால் பெட்டானின் மஞ்சளாகிவிடும், கசிவை நிறத்தால் அளக்க முடியாது.

படி 4: சர்க்கரைப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள்

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இது. பட்டை துவண்டிருக்கும், துவளவில்லை என்றால் இன்னும் அரைமணி நேரம் விடுங்கள். ஆனால் கரைசல் அவ்வளவாகச் சிவந்திருக்காது. தண்ணீர் வெளியேறியது, நிறமி உள்ளேயே நின்றது. தேர்ந்தெடுத்துக் கடத்துதல் என்பது இதுதான். இப்படிச் செறிவான கரைசலை நோக்கி நீர் சவ்வைக் கடப்பதுதான் சவ்வூடு பரவல். அதில் வெளியேறும் நீரில் பெரும்பங்கு அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் வழியாகப் போகிறது. இவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது அந்தப் பட்டையையும் 60 டிகிரிப் பட்டையையும் புதிய தண்ணீரில் ஒரு மணி நேரம் போடுங்கள். சர்க்கரைப் பட்டை நீரை இழுத்து மறுபடி விறைக்கத் தொடங்கும். சூடுபட்டது எவ்வளவு நேரம் ஊறினாலும் தொளதொளவென்றே கிடக்கும்.