“ரீட் மட்டும் போதும்” என்று கேட்டால்: ராக்ஃப் நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1976 முதல் ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினிகளில் யார் எதைத் தொடலாம் என்பதைக் கவனித்துவரும் மென்பொருள் ராக்ஃப். அது பலமான பூட்டுதான். ஆனால் சாவியை நாமே தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம். “எழுத வேண்டாம், ரீட் மட்டும் போதும்” என்று யாராவது கேட்டால், சரி என்று உடனே கொடுத்துவிடுவோம். என் பார்வையில் மிகப் பெரிய தவறு இதுதான்.

ஒரு டேட்டாசெட்டை (மெயின்ஃப்ரேமில் கோப்புக்கு இதுதான் பெயர்) படிக்க முடிந்தவர் அதை நகலெடுக்கவும் முடியும். அந்த நகல் அவருடைய பெயரில் இருக்கும், அதை யாருக்குத் திறந்துவிடுவது என்பதும் அவர் கையில்தான். அந்த டேட்டாசெட்டுக்கான அனுமதி விதிகளை வைத்திருக்கும் ப்ரொஃபைலில் யூஏசிசி, அதாவது பொது அனுமதி, ரீட் என்று இருந்தால், அனுமதிப் பட்டியலில் பெயரே இல்லாதவருக்கும் இந்த வசதி கிடைத்துவிடும். சிலர் யூஏசிசியை நன் (அனுமதி இல்லை) என்று மாற்றிவிட்டு, பட்டியலில் நட்சத்திரக் குறிக்கு (*) ரீட் கொடுப்பார்கள். ராக்ஃபில் கணக்குள்ள எல்லோருக்கும் கதவு பழையபடி திறந்தே இருக்கும்.

கடவுச்சொற்களை மறையாக்கம் செய்து வைத்திருக்கும் ராக்ஃப் தரவுத்தளத்துக்கே இது நடந்தால் நிலைமை விபரீதம். அதன் நகலைச் சொந்தக் கணினிக்குக் கொண்டுபோனவர் கடவுச்சொற்களை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கை முடக்கும் விதி அங்கே செல்லாது. 2012இல் தெரியவந்த ஸ்வீடனின் லாஜிகா என்ற ஐடி சேவை நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் தாக்கியவர்கள் இந்த வழியில்தான் கடவுச்சொற்களை உடைத்தார்கள். ஆகவே தரவுத்தளத்துக்கும் அதன் காப்பு நகல்களுக்கும் யூஏசிசி நன் என்றே இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யும் பழைய டெஸ் முறையை விட்டுவிட்டு கேடிஎஃப்ஏஇஎஸ் முறைக்கு மாறிவிடுங்கள். அது ஒவ்வொரு ஊகத்தையும் பல மடங்கு மெதுவாக்கும்.

அடுத்தது வார்னிங் நிலை. புதிய விதி வேலையைக் கெடுக்குமோ என்று பயந்து, சோதனைக்காகச் சில நாள் ப்ரொஃபைலை அதில் வைப்போம். அந்த நாட்களில் அனுமதி இல்லாதவர் வந்தாலும் ராக்ஃப் எச்சரிக்கையைப் பதிந்துவிட்டு உள்ளே விட்டுவிடும். அப்புறம் எல்லோரும் அதை மறந்துவிடுவோம். பட்டியலைப் பார்த்தால் இறுக்கமாகத் தெரியும், உண்மையில் எந்தத் தடையும் இருக்காது. அந்த நிலையில் வைக்கும் அன்றே, எடுக்கும் தேதியையும் குறித்துவையுங்கள்.

ராக்ஃபோடு வரும் முதல் கணக்கான ஐபிஎம்யூசரின் தொடக்கக் கடவுச்சொல் ஊரறிந்தது. உங்கள் நிர்வாகிகளுக்குத் தனித்தனிக் கணக்கு உருவாக்கியதும் அதை முடக்கிவிடுங்கள். ஆபரேஷன்ஸ் அதிகாரத்தை வசதிக்காக யாருக்கும் கொடுக்காதீர்கள். வெளிப்படையாகத் தடுக்காத டேட்டாசெட்டுகளையெல்லாம் அது திறந்துவிடும்.

ஒருவர் வேலையை விட்டுப் போனதும், கணக்கை நீக்கும் டெல்யூசர் கட்டளையோடு நிறுத்திவிடுவதும் தவறு. அவருடைய ஐடி அனுமதிப் பட்டியல்களில் அப்படியே கிடக்கும். பிறகு அதே ஐடியைப் புதிதாக வருபவருக்குக் கொடுத்தால், முன்னவரின் அனுமதிகள் அத்தனையும் சத்தமில்லாமல் அவரிடம் போய்ச் சேரும். இப்படி எஞ்சிய ஐடிகளைத் தேடி, நீக்குவதற்கான கட்டளைகளைத் தயாரித்துத் தர ஐஆர்ஆர்ஆர்ஐடி00 என்ற நிரல் ராக்ஃபோடு சேர்ந்தே வருகிறது. அந்தக் கட்டளைகளை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.